நீருக்கு இரண்டு வாசல்

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில், தெலுக் பங்ளிமா காராங் வட்டாரத்தில் திரும்பி லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு வந்துவிடும். வார இறுதியில் நண்டும் இறாலும் சாப்பிடக் குடும்பத்தோடு அங்கே போகிறவர்கள் ஏராளம். சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனை. பார்த்தால் நாட்டின் மற்றத் தோட்டங்களைப் போலத்தான் தெரியும். ஆனால், அந்தத் தீவின் பெரும்பகுதி, கடல் ஏறும் நேரத்தில் நீர் எட்டும் மட்டத்தைவிடத் தாழ்வானது. தீவைச் சுற்றிலும் மனிதக் கரங்கள் எழுப்பிய மண்கரை ஒன்று நிற்கிறது. அந்தக் கரை இல்லாவிட்டால், அங்கே செம்பனைக்குப் பதிலாகக் கண்டல் காடுதான் இருக்கும்.

கரையின் ஓரிடம் உடைந்தால் போதும், கடல்நீர் உள்ளே வந்துவிடும். வந்த நீர் வடிந்துவிடலாம். அது கொண்டு வந்த உப்பு அவ்வளவு எளிதில் வடியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஓர் ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்திற்குக் கடல்நீர் தேங்கினால், அந்த நீருக்குள் இருக்கும் உப்பு மட்டும் சுமார் 14 டன். இரண்டு லோரி உப்பை ஓர் ஏக்கரில் கொட்டியதற்குச் சமம்.

உப்பு நிலம் என்றதும் கடலோரத்து மக்களின் தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உலக உணவு, விவசாய நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகெங்கும் ஏறத்தாழ 140 கோடி ஹெக்டர் நிலம் உப்பால் பாதிக்கப்பட்டிருக்கிறது. இது உலக நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி கடலைப் பார்த்தே இராத உள்நாட்டு நிலம். அப்படியானால் அங்கே உப்பு எங்கிருந்து வந்தது?

சுவரில் ஏறும் ஓதம்

விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துப் பழைய செங்கல் சுவர் ஒன்றின் அடிப்பாகத்தைப் பார்த்தாலே போதும்.

1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த நகரம் அழிந்தது. அதன் பிறகு செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டிடங்கள் எழுப்ப வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தபோது, கிள்ளான் ஆற்றோரத்துக் களிமண்ணைச் சுட்டுச் செங்கல் அறுத்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பெயரே அதற்குச் சாட்சி.

நூறாண்டு கண்ட செங்கல் சுவர்களில் தரையை ஒட்டி வெள்ளை வெள்ளையாக மாவு போல ஒன்று படிந்திருப்பதைக் காணலாம். சுண்ணாம்புப் பூச்சு உதிரும். செங்கல்லும் பொடிப்பொடியாகக் கொட்டும். "சுவரில் ஓதம் ஏறிவிட்டது, உப்பு பூத்துவிட்டது" என்பார்கள் பெரியவர்கள். நிலத்தடி ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. வெளிப்புறத்தை அடைந்ததும் நீர் ஆவியாகிப் போய்விடுகிறது. நீரோடு கரைந்து வந்த உப்பு போக வழியின்றி அங்கேயே தங்கிவிடுகிறது.

வயலிலும் இதேதான் நடக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் வேருக்கு அருகே உயர்ந்துவிட்டால், மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மேலேறும். வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை மிச்சம் வைக்கும். நாள்தோறும், ஆண்டுதோறும் இது தொடர்ந்தால் நிலத்தின் முகத்தில் வெள்ளை பூக்கும். தமிழில் ஓதம் என்ற ஒரே சொல் சுவரின் ஈரத்தையும் குறிக்கிறது, கடலின் ஏற்றத்தையும் குறிக்கிறது. மண்ணுக்கு உப்பு வரும் இரண்டு வழிகளுமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன என்றால் மிகையாகாது.

உவர் வேறு, களர் வேறு

நம் முன்னோர் இந்த நிலங்களை நன்றாக அறிந்திருந்தனர். கல்லாதவரைப் பற்றிப் பேச வந்த வள்ளுவர், எதுவும் விளையாத களர் நிலத்தைத்தான் அவர்களுக்கு உவமையாகக் காட்டினார். புறநானூற்றுப் பாடல் ஒன்று, களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் துணி வெளுக்கும் ஒரு பெண்ணைக் காட்டுகிறது. பயிருக்கு ஆகாத அந்த நீர் அழுக்கை எடுக்க உதவியது. களர் மண்ணில் உள்ள சோடியம் கார்பனேட் சலவைச் சோடாவின் இனத்தைச் சேர்ந்தது என்று இன்றைய வேதியியல் சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு அதன் பெயர் தெரியாது, பயன் தெரிந்திருந்தது.

இன்றைய மண்ணியலாளர்கள் உவர், களர் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ரிவர்சைடு நகரிலுள்ள உப்பு ஆய்வுக்கூடம் 1954இல் வெளியிட்ட கையேடு வகுத்த அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். மண்சாற்றின் மின்கடத்துத் திறனை அளந்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். அது மீட்டருக்கு 4 டெசிசீமன் அளவைத் தாண்டினால் உவர் நிலம். நெற்பயிரோ 3 டெசிசீமனைத் தாண்டும்போதே விளைச்சலில் குறையத் தொடங்கிவிடும். இந்நிலத்தில் நீர் இருந்தும் பயிர் வாடும். வேருக்கு வெளியே உப்பு மிகுந்திருப்பதால் வேரால் நீரை இழுக்க முடிவதில்லை. நடுக்கடலில் தாகத்தால் தவிப்பவனின் நிலைதான் அந்தப் பயிருக்கும்.

களர் நிலத்தின் நோய் வேறு. அங்கே கரையும் உப்பு குறைவாக இருக்கலாம். ஆனால், களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு சோடியம் உட்கார்ந்திருக்கும். கால்சியம் மண் துகள்களைக் கட்டிப் பிடித்து உருண்டையாக வைத்திருக்கும். சோடியம் அவற்றைப் பிரித்துவிடும். பிரிந்த துகள்கள் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் ஓடு. நீர் உள்ளே இறங்காது, காற்றும் இறங்காது. மண்ணின் பி.எச். அளவு 8.5ஐத் தாண்டியிருக்கும்.

மருந்தும் வெவ்வேறு. உவர் நிலத்தை நல்ல நீரால் கழுவி, அந்த நீரை வடித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். களர் நிலத்தை வெறும் நீரால் கழுவிப் பயனில்லை. ஜிப்சம் போட்டு, அதிலுள்ள கால்சியத்தைக் கொண்டு சோடியத்தை வெளியேற்றிய பிறகுதான் கழுவ வேண்டும். எந்த மருந்தாக இருந்தாலும், கழுவிய நீர் வெளியேற வழி வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

வரும் வழி உண்டு, போகும் வழி இல்லை

அந்த வழியை மறந்ததால் வீழ்ந்த நிலங்களின் கதை பழையது. இன்றைய ஈராக் நாட்டின் தென்பகுதியில், யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளின் நீரைப் பாய்ச்சி உலகின் முதல் நகரங்கள் எழுந்தன. பழங்காலக் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட தானியக் கணக்குகளை ஆராய்ந்த ஜேக்கப்சன், ஆடம்ஸ் ஆகிய இரு அறிஞர்கள் 1958இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் கோதுமையும் பார்லியும் கிட்டத்தட்டச் சரிபாதியாக விளைந்த மண்ணில், நாளடைவில் கோதுமை குறைந்துகொண்டே போய், கி.மு. 1700 வாக்கில் மறைந்தே விட்டது. உப்பைக் கூடுதலாகத் தாங்கும் பார்லி மட்டும் மிஞ்சியது. நிலம் உவராகிப் போனதே இதற்குக் காரணம் என்பது அவர்களின் முடிவு. அதன் அளவு குறித்து பிற்கால ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், உப்பின் பங்கை யாரும் முற்றாக ஒதுக்கிவிடவில்லை.

ஆற்று நீர் இனிப்பான நீர்தானே, அதில் உப்பு ஏது என்று கேட்கத் தோன்றும். லிட்டருக்குக் கால் கிராம் உப்பு இருந்தால் நாக்குக்குத் தெரியாது. ஆனால், ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு மீட்டர் உயர அளவுக்கு அந்த நீரைப் பாய்ச்சினால், ஒரு டன் உப்பு வயலுக்குள் வந்து சேரும். வடிகால் இருந்தால் அது வெளியேறும். இல்லாவிட்டால் பத்தாண்டில் பத்து டன்.

இதே தவற்றைப் பிரிட்டிஷ் ஆட்சி வட இந்தியாவில் செய்தது. மேற்கு யமுனைக் கால்வாய் பாய்ந்த கர்னால் மாவட்டத்தில், மூனக் என்ற கிராமத்து விவசாயிகள் தங்கள் நிலத்தில் உப்பு பூப்பதாக 1855இல் முறையிட்டார்கள். பஞ்சம் போக்க வந்த கால்வாய், நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தி, உறங்கிக் கிடந்த உப்பை மேலே கொண்டு வந்துவிட்டது. அந்த உப்பை மக்கள் 'ரே' என்று அழைத்தார்கள். 1870களில் இதை விசாரிக்க அரசு குழுவே அமைக்க வேண்டியதாயிற்று. அதே கர்னாலில்தான் 1969இல் இந்தியாவின் மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. ஜிப்சத்தின் உதவியால் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச மாநிலங்களில் ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டர் களர் நிலம் மீண்டும் விளைநிலமானது. ஆனாலும் இந்தியாவில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டர் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு.

தமிழகத்துத் திருச்சிராப்பள்ளி வட்டாரமும் களர் நிலத்துக்குப் பேர்போனது. அங்கே நாவலூர் குட்டப்பட்டில் இயங்கும் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி, களரைத் தாங்கி விளையும் நெல் இரகங்களை 'திருச்சி' என்ற பெயரிலேயே வெளியிட்டிருக்கிறது.

மழையால் பிழைத்த மண்

திருச்சிக்கு வந்த களர் கிள்ளானுக்கு ஏன் வரவில்லை? மழைதான் காரணம். தமிழகத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 920 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோலாலம்பூர் வட்டாரத்தில் 2,400 மில்லிமீட்டருக்கும் அதிகம். வெயில் மேலே இழுக்கும் நீரைவிட மழை கீழே இறக்கும் நீர் இங்கே மிகுதி. ஆகவே, கீழிருந்து ஏறும் உப்பு நமக்குப் பெரிய பகையில்லை. பக்கத்திலிருந்து வரும் கடல்தான் இங்கே பகை.

சிலாங்கூர்க் கடற்கரையின் மண்ணே கடலும் ஆறும் சேர்ந்து செய்தது. கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் மேட்டு நிலத்துச் சேற்றை மலாக்கா நீரிணையில் கொண்டுபோய்ச் சேர்த்தன. அலை அடங்கிய இடங்களில் சேறு படிந்தது. கண்டல் மரங்கள் வேரூன்றிச் சேற்றைப் பிடித்துக்கொண்டன. நாள்தோறும் இருமுறை கடல்நீர் வந்து போகும் இத்தகைய உவர்ச் சேற்றுக்கு மலேசிய மண் ஆய்வில் 'கிராஞ்சி' வகை என்று பெயர். அதையே கடலிடமிருந்து பிரித்து, மழையால் கழுவவிட்டுப் பக்குவப்படுத்தினால் நல்ல விளைநிலமாகும். தென்னைக்கும் கொக்கோவுக்கும் செம்பனைக்கும் உகந்த கடலோரக் களிமண்ணுக்கு 'சிலாங்கூர்' வகை என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கடலிடமிருந்து பிரிப்பது என்பது எழுதும்போது இரண்டு சொல். செய்தவர்களுக்கு அது உயிர்ப் போராட்டம்.

1901 செப்டம்பரில் கண்டல் சதுப்பில் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். திறந்த வேகத்தில் மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர்களைச் சாய்த்தது. துறைமுகத்தின் எதிர்காலமே கேள்விக்குறியானது. அந்த ஆண்டில்தான் கிள்ளானுக்கு வந்திருந்த அரசாங்க மருத்துவர் மால்கம் வாட்சன், கொசு பெருகும் சதுப்பை ஒழிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். துறைமுகத்தைச் சுற்றிக் கடல்நீர் புகாதபடி கரை எழுப்பி, உள்ளே வடிகால் வெட்டினார்கள். காய்ச்சல் சட்டென்று தணிந்தது. கரையும் வடிகாலும் சேர்ந்தால் இந்தக் கடற்கரையில் வாழ முடியும் என்பதை முதலில் நிரூபித்தது ஒரு மருத்துவர்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

தோட்ட முதலாளிகளும் அதே வழியில் இறங்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுல்தான் சுலைமான் ஆட்சிக் காலத்தில், எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் லங்காட் ஆற்று முகத்துவாரத் தீவில் நிலம் பெற்றார். மா மெரி பூர்வக்குடி மக்கள் வாழ்ந்துவந்த அந்தத் தீவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கண்டல் காட்டை வெட்டிக் கரை எழுப்பினார்கள். வடிகால்களின் வாயில் மதகு வைத்தார்கள். கடல் இறங்கும் நேரத்தில் உள்நீர் தள்ளி மதகுக் கதவு தானே திறக்கும். கடல் ஏறும் நேரத்தில் வெளிநீர் அழுத்தி அது தானே மூடும். ஒரு நாளில் இரண்டு முறை திறந்து மூடும் அந்தக் கதவுதான் ஆயிரக்கணக்கான ஏக்கரின் காவல்.

சேற்றில் நின்றவர்கள்

அந்தக் காலத்தில் கரைக்கு மண் அணைத்ததும் வடிகால் வெட்டியதும் இயந்திரமல்ல. சீனர்களும் ஜாவானியர்களும் தமிழர்களும் மண்வெட்டியோடு சேற்றில் இறங்கிய காலம் அது. தமிழர்களில் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சாவூர், சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து கங்காணி வழியே வந்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் இறங்கியவர்கள். காவிரிப் படுகையில் வாய்க்காலும் வடிகாலும் மதகும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நீரை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கேரித் தீவில் மேற்கு, கிழக்கு, தெற்கு என்று திசையின் பெயராலேயே தமிழ்ப்பள்ளிகள் உருவானதிலிருந்து அங்கே எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றின என்பதை ஊகிக்கலாம். தோட்டம் ஹாரிசன்ஸ், கோல்டன் ஹோப் என்று கை மாறியது. 2007இல் நிறுவன இணைப்பின் வழி சைம் டார்பியிடம் வந்தது. 2024இல் அந்தத் தோட்ட நிறுவனம் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. முதலாளியின் பெயர்கள் ஒவ்வொன்றும் ஏட்டில் உண்டு. கரைக்கு முதல் கூடை மண் சுமந்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

உப்பு போனது, புளிப்பு வந்தது

கடலைத் தடுத்தாயிற்று, உப்பும் கழுவப்பட்டது. இனிக் கவலையில்லை என்று நினைத்த இடத்தில்தான் மண் இன்னொரு பாடம் நடத்தியது.

கண்டல் சேற்றில் கடல்நீரின் சல்பேட் உண்டு. ஆறு கொண்டு வந்த இரும்பு உண்டு. மக்கிய இலையும் வேரும் உண்டு. காற்றில்லாத அந்தச் சேற்றில் நுண்ணுயிர்கள் இவற்றைச் சேர்த்துப் பைரைட் என்ற கந்தக இரும்புக் கனிமத்தைச் செய்துவிடுகின்றன. நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. ஆழமாக வடிகால் வெட்டி நீரை இறக்கிவிட்டால் காற்று உள்ளே போகும். காற்றுப் பட்டதும் பைரைட் சிதைந்து கந்தக அமிலமாக மாறும். மண்ணின் பி.எச். 3.5க்கும் கீழே இறங்கும். வெட்டிப் பார்த்தால் சாம்பல் நிறக் களிமண்ணில் மஞ்சள் மஞ்சளாகக் கோடுகள் ஓடும். கரைந்து வரும் அலுமினியம் வேரைக் கருக்கும். வடிகால் நீர் துருப்பிடித்த நிறத்தில் ஓடும். அந்த நீர் போய்ச் சேரும் இடத்தில் மீனும் செத்து மிதக்கும்.

மலாயாவின் கடலோரச் செம்பனைத் தோட்டங்களில் இந்த அமில மண்ணை ஆராய்ந்து, புளூம்ஃபீல்டு, கூல்ட்டர் முதலியோர் 1968இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கண்ட வழி மிக எளிமையானது. வடிகாலில் தடுப்பு வைத்து நீர்மட்டத்தை ஓரளவு உயர்த்தி, பைரைட் படிவம் எப்போதும் நீருக்குள் மூழ்கியே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. வேருக்கு மூச்சு விட இடம் வேண்டும். பைரைட்டுக்கு மூச்சு விட இடம் கொடுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே நீரை நிறுத்துவதுதான் இன்றுவரை கடலோரத் தோட்டக்காரரின் தொழில் நுணுக்கம்.

இப்போது மூனக் கிராமத்தையும் கிள்ளான் கடற்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நீரைக் கொண்டு வந்தார்கள், போக வழி செய்யவில்லை, உப்பு ஏறியது. இங்கே நீரை அளவின்றி வெளியேற்றினார்கள், நிறுத்த மறந்தார்கள், அமிலம் ஊறியது. தவறு இரண்டும் எதிர்த்திசையில் இருந்தாலும் பாடம் ஒன்றே. நிலத்தில் நீருக்கு இரண்டு வாசல் வேண்டும்: வர ஒன்று, போக ஒன்று. இரண்டுக்கும் கதவும் வேண்டும். கதவைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

நாகப்பட்டினம் காட்டிய வழி

கதவே இல்லாமல் கடல் உள்ளே வந்த நாள் 2004 டிசம்பர் 26. நம் பினாங்கு, கெடா கரைகளைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை, நம் பாட்டன்மார் கப்பலேறிய நாகப்பட்டினத்தைச் சூறையாடியது. ஆயிரக்கணக்கான உயிர்களோடு ஆயிரக்கணக்கான ஹெக்டர் விளைநிலமும் உப்பில் மூழ்கியது. கடலடிச் சேறு வயல்களில் படிந்தது. இனி இந்த மண்ணில் நெல் விளையுமா என்று பலரும் கைவிட்ட நேரம்.

விவசாயிகள் கைவிடவில்லை. படிந்த சேற்றை வழித்தெடுத்தார்கள்; சிலர் ஆழ உழுதார்கள். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, பிறகு வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் போன்றவர்கள் ஊர் ஊராகச் சென்று இந்தப் பணிக்குத் துணை நின்றார்கள். குழியடிச்சான், களர்பாளை போன்ற பழைய நெல் இரகங்கள் மீண்டும் பேசப்பட்டன. 2005ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. பல இடங்களில் உப்பைக் கழுவிக்கொண்டு போனது. பல வயல்கள் ஓரிரு ஆண்டிலேயே மீண்டும் பச்சை கட்டின.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கடல்நீர் புகுந்த களிமண்ணில், மழை வந்து உப்பைக் கழுவும்போது சோடியம் மட்டும் பின்தங்கிவிட்டால், உவர் நிலம் களராக மாறிவிடும் அபாயம் இருக்கிறது. நெதர்லாந்து இதை நேரில் கண்டது. 1944இல் போரின்போது கரை உடைக்கப்பட்டு வால்கெரன் தீவு கடலில் மூழ்கியது. 1953 பிப்ரவரியில் புயல் கரைகளை உடைத்தது. நீர் வடிந்த பிறகு அவசரப்பட்டு உழாமல், ஜிப்சம் போட்டுக் காத்திருந்து அவர்கள் நிலத்தை மீட்டார்கள். உப்பு நிலத்தை மீட்க உழைப்பு எவ்வளவு தேவையோ, பொறுமையும் அவ்வளவு தேவை.

கரையைக் காப்பது யார்?

உலகக் கடல்மட்டம் 1901இலிருந்து 2018க்குள் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. உயரும் வேகமும் கூடிவருகிறது. இன்னொரு பக்கம், நீர் வடிந்த களிமண் சுருங்கி மெல்லத் தாழ்கிறது. கடல் மேலே, நிலம் கீழே. இடையில் நிற்பது அதே மண்கரை. நமது நீர்ப்பாசன, வடிகால் இலாகா 1932இல் அமைக்கப்பட்டது முதல் கடலோரக் கரைகளையும் மதகுகளையும் பராமரித்து வருகிறது. வடக்கே சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங் வட்டாரத்தில் ஏறத்தாழ 19,000 ஹெக்டர் நெல்வயலும் கடலுக்கு அருகேதான் இருக்கிறது. சிலாங்கூர் மக்களின் சோற்றுக்கும் அந்தக் கரைக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

கேரித் தீவில் பெரிய துறைமுகம் அமைக்கும் திட்டம் 2017இல் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அவ்வப்போது அது பேசப்படுகிறது. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால், கரைக்கு வெளியே நிற்கும் கண்டல் காடு அலையின் வேகத்தைத் தணிக்கும் முதல் அரண். அதை அழித்துவிட்டு, பின்னால் உள்ள மண்கரையை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆழமாகத் தோண்டப்படும் ஒவ்வோர் இடத்திலும் உறங்கும் பைரைட் விழித்துக்கொள்ளும் என்பதையும் திட்டம் தீட்டுவோர் மறந்துவிடக் கூடாது.

தோட்டங்களை விட்டு நம்மவர்கள் வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பூச்சோங்கிலும் குடியேறிய பிள்ளைகளுக்கு மதகு என்ற சொல்லே புதிதாக இருக்கலாம். இரவில் கடல் ஏறும் நேரம் பார்த்து, லாந்தர் விளக்கோடு கரையில் நடந்து, நண்டு துளைத்த ஓட்டையை மண்ணால் அடைத்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அந்த அனுபவ அறிவு எழுதி வைக்கப்படவில்லை. தாத்தாவோ பாட்டியோ கடலோரத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்றால், இன்றே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எந்த மாதத்தில் கடல் அதிகம் ஏறும், எந்த மரம் முதலில் வாடும், வடிகால் நீர் என்ன நிறத்தில் ஓடினால் ஆபத்து என்பதெல்லாம் நூலகத்தில் கிடைக்காத வரலாறு.

உப்பு, நிலத்தின் சாபமல்ல. நீரின் போக்கை மனிதன் சரியாக நடத்தினானா, இல்லையா என்பதற்கு மண் எழுதி வைக்கும் கணக்கு அது. மெசபொத்தேமியாவில் அந்தக் கணக்கைப் படிக்கப் பல நூறு ஆண்டுகள் ஆயின. மூனக் கிராமத்து விவசாயிகள் அதைக் கண்ணால் கண்டு சொன்னபோதும், கேட்க இருபது ஆண்டுகள் பிடித்தன. கிள்ளான் கடற்கரையில் நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அங்கே கடல் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது.